எடை குறையவில்லையே, அப்புறம் என்ன நோய்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். வாந்தி எடுப்பது வெளியே கேட்கிறது. கேட்டால் கேஸ் தொந்தரவு என்கிறாள். பகலில் சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரியில் பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகள் காலியாகின்றன. போன வருடம் ஒரு கல்யாணத்தில் அவள் அத்தை, "இப்படியே இருந்தா எவன் கட்டிக்குவான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதிலிருந்துதான் இப்படி. ஆனால் எடை குறையவே இல்லை, முகம்கூட உப்பலாகத்தான் இருக்கிறது. எங்கள் டாக்டர் அல்சர் மாத்திரை கொடுத்தார். எடைக் குறைப்பு மையத்தில் சேர்த்தால் தன்னம்பிக்கை வந்து தானாகச் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சேர்க்கலாமா?
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சேர்க்காதீர்கள். முன்பணம் கட்டிவிட்டிருந்தால் அது போனாலும் பரவாயில்லை.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அல்சர்காரர்கள் சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுவதில்லை. நீங்கள் சொல்வது புலிமியா என்கிற உண்ணுதல் கோளாறு மாதிரி இருக்கிறது. எடைக்குப் பயந்து பட்டினி, பசி தாங்காமல் ஒரே மூச்சில் கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சியில் வாந்தி, மறுநாள் திரும்பவும் பட்டினி. இப்படிச் சுற்றுகிறவர்களின் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வாந்தி எடுத்தால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடாது, நல்ல பங்கு உள்ளேயே தங்கிவிடும். எலும்பும் தோலுமாகப் போவது அனோரெக்ஸியா. அது வேறு கதை.

அந்த உப்பலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் மெத்தென்று இருக்கிறதா? அடிக்கடி வாந்தி எடுப்பதால் வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். "கன்னம் வச்சுடுச்சே" என்று சொந்தக்காரர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். விரல் முட்டிகளில் தோல் காய்த்திருக்கலாம், தொண்டைக்குள் விரல் விடும்போது பல் பட்டுப் பட்டு வருவது அது. மேல் முன்பற்களின் உள்பக்கம் அமிலத்தால் அரிக்கும். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்த்தால் அரிப்பு இன்னும் கூடும். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது பொட்டாசியம். வாந்தியால் ரத்தத்தில் அந்த உப்பு லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை கால் சோரலாம், மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும். அதனால் இந்த வாரமே, பொட்டாசியம் அளவைக் காட்டும் 'சீரம் எலக்ட்ரோலைட்ஸ்' ரத்தப் பரிசோதனையும் ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் என்று யாராவது தள்ளினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொலஸ்ட்ரால், தைராய்டு, வைட்டமின் என்று பத்துப் பக்க ரிப்போர்ட் வரும், பல பேக்கேஜில் பொட்டாசியம் மட்டும் இருக்காது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி அந்த மையத்துக்கு வருகிறேன். இந்தத் தொழில் பிழைப்பதே உங்கள் மகள் மாதிரிப் பெண்களால்தான். உள்ளே போனதும் மெஷினில் ஏற்றுவார்கள், 'உடம்பின் வயது' என்று ஒரு எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். அதாவது நோயின் முதல் படியான பட்டினியைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுப்பார்கள். பவுடர் விற்கும் அக்கா நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான். நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன், நீங்கள் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்குக் கமிஷன். உங்களுக்குச் சிபாரிசு செய்த 'தெரிந்தவர்' இதில் எங்கே நிற்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

மூலிகை கேப்சூல் என்றால் இன்னும் மோசம். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இதயத்தைப் பாதிக்கிறது என்று 2011இல் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. 'நூறு சதவீதம் இயற்கை' என்று விற்ற கேப்சூல்களைப் பல நாடுகளில் சோதித்தபோது பலவற்றின் உள்ளே இருந்தது அதேதான். உடல்பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யவே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் தடை இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரையும் உங்கள் போனையும் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரிகிறதா? பேதி மாத்திரையும் இதே ஏமாற்றுதான். கலோரி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பேதியில் போவது தண்ணீரும் உப்பும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது டைப் 1 சர்க்கரை நோயுள்ள, இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளை இருந்தால், மேலே சொன்ன அடையாளங்களை மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே விரல் விட்டு எடுக்கும் வாந்தி இல்லாமலே போகலாம். இன்சுலினைக் குறைத்தால் எடை மடமடவென்று இறங்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஊசி போட்டுவிட்டேன் என்பார்கள், போட்டிருக்க மாட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, மூன்று மாதச் சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறுவது, மாதம் தீர்ந்தும் மருந்துக்குப்பி தீராமல் இருப்பது, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்வது: இவைதான் அங்கே அடையாளம். அந்தப் பிள்ளைக்கு வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் காத்திருக்க நேரமில்லை, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'பொறுப்பில்லாத பிள்ளை' என்று சர்க்கரை டாக்டரே திட்டி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். திட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை பொய்க் கணக்கு எழுதிக்கொண்டு வரும். ஊசியை நிறுத்தியது ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, மகளிடம் எப்படிப் பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். பாத்ரூம் கதவைத் தட்டியும் வேண்டாம். தனியாக இருக்கும்போது, "நீ வாந்தி எடுக்கிறது எனக்குத் தெரியும், கோபம் இல்லை, பயமாக இருக்கிறது, டாக்டரிடம் போகலாம்" என்று சொல்லுங்கள். முதல் தடவை மறுப்பாள். இரண்டு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கள். "நீ அழகாகத்தானே இருக்கே" என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு மறுபடி உடம்புக்கே போய்விடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று பெயர் வைக்காதீர்கள். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் திடமான 36 ஆண்களைச் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள், சமையல் குறிப்புகளைப் படித்துக்கொண்டு கிடந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். பட்டினி கிடந்தால் உடம்பு பதிலடி கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் சிகிச்சையின் முதல் வேலையே மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு சிற்றுண்டியும், நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். சனிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் எல்லாம் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வழி கேட்க 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. சி.பி.டி. என்கிற பேச்சுச் சிகிச்சைதான் இதற்கு முதன்மை, ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அதைத் தருகிறவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். வார இறுதி வகுப்பு முடித்துப் பலகை மாட்டிய 'லைஃப் கோச்' வேண்டாம். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அது தூக்க மாத்திரை இல்லை.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும்; வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகிற சிகிச்சையைக் கண்டுகொள்ளாது. வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்க்கச் சுலபமாக எழுதிக்கொடுக்கும் ஊரில், 'சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறாயாம்மா?' என்று கேட்க ஒரு ஓ.பி.யிலும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. எனவே அந்தக் கேள்விக்கான பதிலை நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

சிகிச்சை விவரம் வெளியே போகாது, அதற்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மகளுக்கு 18 தாண்டிவிட்டதால் அவள் சம்மதம் இல்லாமல் உங்களிடம்கூட டாக்டர் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். கோபப்படாதீர்கள், அந்த நம்பிக்கையில்தான் அவள் வாய் திறப்பாள்.

தன் உடம்பை ஏற்றுக்கொள்வது ஒரு நாளில் நடக்காது, 'உன்னை நீயே நேசி' என்று சொன்னாலும் நடக்காது. வீட்டிலிருக்கும் எடை மெஷினை எடுத்துவிடுங்கள். எடையை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையிடம் பேச வேண்டியது அவள் இல்லை, நீங்களும் உங்கள் கணவரும். அவர் தங்கையோ அக்காவோ, "இனி என் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே" என்று அவரே சொன்னால்தான் எடுபடும்.

லீவு எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. விடுதிக்குத் திரும்புவதற்குள் ரத்தப் பரிசோதனையும் முதல் சந்திப்பும் முடிந்திருக்கட்டும். பொட்டாசியம் குறைவாக வந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அனுப்ப வேண்டாம். அட்டெண்டன்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.