வேலை கசக்கிறதா, வீடு கசக்கிறதா? முதலில் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: வயது 29. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி முடித்ததும் நான்தான். நான்கு வருடமாக ஹட்டனில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் மோசமில்லை, ஆனால் ஞாயிறு பின்னேரம் ஆனாலே நெஞ்சு கனக்கிறது. கொழும்பில் ஒரு வேலை வந்திருக்கிறது, 25,000 ரூபாய் கூடக் கிடைக்கும். போனால் நிம்மதியாக இருப்பேனா? அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். நாற்காலியில் உட்கார்ந்து நான் சலித்துக்கொள்வதே தப்போ என்றும் தோன்றுகிறது.

பதில்: தம்பி, கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். அம்மா அட்டைக்கடியோடு மலை ஏறும்போது எனக்கென்ன குறை என்று நினைத்தால் சலிப்பு போய்விடாது. அதை வெளியே சொல்ல வாய் வராமல் போகும், அவ்வளவுதான்.

அம்மாவின் குறையும் உங்கள் குறையும் வேறு வேறு வகை. 1959இல் ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்து எஞ்சினியர்கள், கணக்காளர்கள் என்று சுமார் 200 பேரிடம் பேசி எழுதிய ஆய்வு வெளிவந்தது. வேலையில் வெறுப்பு வந்த நேரத்தைச் சொல்லுங்கள் என்றால் சம்பளம், மேலதிகாரி, கம்பனி விதிகள் என்றார்கள். மனது நிறைந்த நேரத்தைச் சொல்லுங்கள் என்றால், ஒன்றைச் செய்து முடித்தது, அதை நாலு பேர் மதித்தது, பொறுப்பை நம்பிக் கொடுத்தது என்று முற்றிலும் வேறு பட்டியல் வந்தது. அந்த ஆய்வு முறையில் ஓட்டைகள் உண்டு (நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் அவனால் என்று சொல்வது மனித சுபாவம்தானே). ஆனாலும் அதில் ஒரு விஷயம் நிற்கிறது: முதல் பட்டியலைச் சரிசெய்தால் எரிச்சல் குறையும், நிறைவு வந்துவிடாது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்த அம்மாவுக்கு முதல் பட்டியலே இன்னும் தீரவில்லை. உங்களுக்கு அது ஓரளவு தீர்ந்துவிட்டது, இடிப்பது இரண்டாவது. அந்த 25,000 சேர்வதோ முதல் பட்டியலில்.

சரி, உங்கள் வேலையில் என்னதான் இல்லை? இதைப் பார்க்க ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இருவர் 1970களில் ஐந்து விஷயங்களைச் சொன்னார்கள்: விதவிதமான திறமைக்கு இடம், ஒன்றை முழுதாகச் செய்து முடிப்பது, அது யாருக்காவது பயன்படுவது, சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரம், செய்தது சரியா என்று தெரியவருவது. கடைசியை எடுங்கள். கொழுந்து நிறுக்கும்போதே அம்மாவுக்குத் தன் கிலோ தெரிந்துவிடும் (தண்ணீர், சாக்கு என்று அதில் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பது தனிச் சண்டை). ஆனால் எந்த மலையில் எடுப்பது, எப்போது எடுப்பது என்பதில் அவருக்குச் சொல்லே கிடையாது. நீங்கள் அப்படியே தலைகீழாக இருக்கலாம்: எந்தக் கோப்பை முதலில் முடிப்பது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் முடித்த கணக்கு மேலே போனபின் என்ன ஆனது என்று நான்கு வருடத்தில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிழை வந்தால் மட்டும் போன் வரும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி அம்மாவைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். வேலைத் திருப்தியும் வாழ்க்கைத் திருப்தியும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. 1989இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தொடர்பு 0.44 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), சாதாரணமாகச் சொன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதில் ஐந்தில் ஒரு பங்கு விளங்கும். எது எதை இழுக்கிறது? வேலைதான் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். 1993இல் ஜட்ஜ், வடனாபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது இரண்டு பக்கமும் இழுப்பு இருந்தது, ஆனால் வாழ்க்கை வேலையை இழுப்பதுதான் பலமாக இருந்தது. தங்கச்சி கல்யாணக் கடனோ, பேச்சு நின்றுபோன அண்ணனோ, திங்கட்கிழமை அலுவலக மேசையில் சலிப்பாக உட்கார்ந்திருக்கலாம். அப்படியென்றால் கொழும்புக்கு நீங்கள் அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போவீர்கள், கூடவே போர்டிங் வாடகையும் சேரும்.

வேலை மாறினால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். 2005இல் மேலாளர்களை வருடக் கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மாறியதும் திருப்தி குதித்து ஏறி, பிறகு இறங்கிவிட்டது. புது மாப்பிள்ளை மோகம் மாதிரி. போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை, எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

அதற்கு ஒரு கொப்பி வாங்குங்கள். இரண்டு வாரம், வேலை முடிந்து திரும்பும் பஸ் சென் கிளேயர் அருவியைத் தாண்டும்போது இரண்டே வரி: இன்று மனது எங்கே கனத்தது, எங்கே லேசானது. யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதோடு எழுதுங்கள், "மூட் சரியில்லை" என்று எழுதாதீர்கள். லீவு நாளிலும் அதே கனம் இருந்தால் வேலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் கொப்பியை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி எண்.

கனம் ஆபீசில் மட்டும்தான் என்றால், இருக்கும் இடத்திலேயே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசிக் கணக்கு ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என்னிடமே விடுங்கள், பார்த்துவிட்டு என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்று. சும்மா கேட்பதில் நஷ்டமில்லை.

கொழும்புக்காரர்களிடமும் பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். கேட்கும்போதே, அங்கே என் கணக்கை யார் பார்ப்பார், சரியாக வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.