வெயில் காயும் தவளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகனின் விருப்பத்துக்காக நான்கு நாணல் தவளைகளை வாங்கினோம். வாங்கியபோது பழுப்பு நிறத்தில் இருந்தவை, பகலில் விளக்கின் கீழ் சுண்ணாம்பு போல் வெளுத்து, கால்களை உடலுக்கடியில் மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. உலர்ந்துவிடுமோ என்று அஞ்சி விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் வலைமூடிக்கு மேல் ஒரு கண்ணாடியையும் வைத்து மூடியிருக்கிறேன். இது சரிதானா?
– வாசகி, டொரோண்டோ

பதில்: வெளுப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் அந்தக் கண்ணாடியை இன்றே எடுத்துவிடுங்கள். தவளை என்றதும் நிழலும் பாசியும் ஓயாத ஈரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஹைப்பரோலியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த நாணல் தவளைகளின் வாழ்க்கை வேறு. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா முழுவதும் பரவியுள்ள இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் சில காட்டுக்குள் வாழ்ந்தாலும், கடைகளில் அதிகம் விற்கப்படுபவை திறந்த புல்வெளிகளில், குளத்தோரத்து நாணலிலும் கோரையிலும் வாழ்பவை. இரவில் இரை தேடிவிட்டு, பகலில் தண்டைப் பற்றிக்கொண்டு வெயிலிலேயே அமர்ந்திருப்பவை.

ஐவரி கோஸ்ட் நாட்டின் கோமோயே சவன்னா என்னும் புல்வெளியில் வாழும் நாணல் தவளைகளை ஜெர்மானிய விலங்கியலாளர்கள் 1980களில் விரிவாக ஆராய்ந்தார்கள். மழை நின்ற பிறகு அங்குள்ள இளம் தவளைகள் மண்ணுக்குள் புதையாமல், காய்ந்த புல் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு, பல வாரங்கள் நீரும் இரையும் இன்றிச் சுடுவெயிலிலேயே காலம் கழிக்கின்றன. அவற்றின் தோலில் உள்ள ஒருவகை உயிரணுக்களில் குவானின் போன்ற பொருள்களின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால்தான் உடல் வெண்மையாகிறது. சிறுநீராக வெளியேற்றினால் நீரும் சேர்ந்து போய்விடும் என்பதால், உடலின் நைட்ரஜன் கழிவில் ஒரு பகுதியே இந்தப் படிகங்களாக மாற்றப்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. ஆகவே பகலில் வெளுத்து, கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருக்கும் தவளை நலமாகவே இருக்கிறது. விளக்கணைந்து நெடுநேரமாகியும் நகராத தவளை, தோல் சுருங்கிய தவளை, பகலில் தரையில் கிடக்கும் தவளை ஆகியவற்றுக்குத்தான் நீர்நில உயிர்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் தேவை.

காற்றோட்டம் இல்லாத ஈரம் இவற்றுக்குப் பெரும் தீங்கு செய்யும். தேங்கிய காற்றில் தோலில் பாக்டீரியா தொற்று எளிதில் வந்துவிடும். நான்கு தவளைகளுக்கு 45 சென்டிமீட்டர் நீள அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி தாராளமாகப் போதும். மேல்மூடி முழுவதும் வலையாக இருக்கட்டும்; ஆனால் மூன்று சென்டிமீட்டரே உள்ள இந்த உயிர்கள் மிகச் சிறிய இடைவெளியிலும் நுழைந்து வெளியேறிவிடும் என்பதால், விளிம்புகளைக் கவனமாகச் சரிபாருங்கள். பகலில் 24 முதல் 27 டிகிரி செல்சியஸும், விளக்கின் கீழ் ஒரு மூலையில் மட்டும் 30 டிகிரி வரையிலும், இரவில் 20 டிகிரி அளவிலும் இருந்தால் போதுமானது. அதனுடன் வலுக்குறைந்த புறஊதா பி விளக்கு ஒன்றும் இருப்பது நல்லது. மாலையில் நன்றாக நீர் தெளித்து, மறுநாள் நண்பகலுக்குள் இலைகள் காய்ந்துவிடும்படி விடுங்கள். அகலமான நீர்க்கிண்ணம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் நகரக் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமின் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. சாதாரணக் குளோரினைப் போல் ஒரு நாள் திறந்து வைத்தால் அது போய்விடாது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும், குளோரமினையும் நீக்கும் என்று குறிப்பிட்டுள்ள நீர்ச்சீராக்கியைக் கலந்த பிறகே அந்த நீரைத் தெளிக்கவும் கிண்ணத்தில் ஊற்றவும் வேண்டும்.

கேள்வி: கோடையில் தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போடலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: வேண்டாம். பூச்சிக்கொல்லி பட்டவை எவை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதோடு, வட அமெரிக்க மின்மினிகளில் பலவற்றின் உடலில் உள்ள நஞ்சு, ஒன்றைத் தின்றாலே சிறு விலங்குகளைக் கொன்றுவிடக்கூடியது. பறக்க இயலாத பழ ஈக்களையும், தவளையின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தை மிஞ்சாத கிரிக்கெட் எனப்படும் சுவர்க்கோழிப் பூச்சியின் குஞ்சுகளையும் வாங்கிக் கொடுங்கள். வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இளையவற்றுக்கு நாள்தோறும். வளர்ப்புப் பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்து குறைவு. எனவே வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் அவற்றைப் புரட்டிப் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பொடி இல்லாமல் வளரும் தவளைக்குத் தாடை மென்மையாகி, முதுகு வளைந்து, கடைசியில் இரையைக் கவ்வவே முடியாமல் போகும்.

கேள்வி: பெண் என்று நம்பி வாங்கிய, பளிச்சென்ற நிறம் கொண்ட எங்கள் தவளை இப்போது இரவெல்லாம் கூவுகிறது. பால் மாறிவிட்டதா?
– வாசகர், லண்டன்

பதில்: பெரும்பாலும் அது தொடக்கத்திலிருந்தே ஆணாக இருந்திருக்கும். இந்தத் தவளைகளின் குஞ்சுகள் எல்லாம் பழுப்பாகவே தொடங்குகின்றன. வளர்ந்ததும் பெண்கள் பளிச்சென்ற நிறம் பெறுகின்றன. ஆண்களில் சில பழுப்பாகவே நின்றுவிட, சில பெண்களைப் போலவே நிறம் மாறுகின்றன. நிறத்தை நம்பாமல் தொண்டையைப் பாருங்கள். ஆணின் தொண்டையில் கூவும் பையை மூடியிருக்கும் தடித்த தோல்வட்டம் தெரியும். எனினும் உங்கள் ஐயம் அடிப்படையற்றதன்று: வளர்ப்பில் இருந்த நாணல் தவளைகளில், முட்டையிட்ட பெண்கள் சில பின்னர் ஆணாக மாறியதை 1989இல் இரு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: புதிதாக வாங்கும்போது எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? வளர்க்க முடியாமல் போனால் அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடலாமா?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். சந்தைக்கு வந்தவற்றில் கணிசமான பங்கு கிழக்கு ஆப்பிரிக்கக் குளங்களிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்டவை. தான்சானியா 2016இல் உயிருள்ள காட்டு விலங்குகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. நெடும்பயணத்தில் நெருக்கி அடைக்கப்பட்டு, மெலிந்து, ஒட்டுண்ணிகளோடு வந்து சேரும் தவளைகள் பல, சில வாரங்களிலேயே இறந்துபோகின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றை வாங்குவது அந்த வணிகத்தைத் தொடரச் செய்யும். கொஞ்சம் காத்திருந்தாலும், வளர்ப்பவர் ஒருவரிடமிருந்தே வாங்குங்கள். அப்படி வாங்கியதையும் இரண்டு மாதம் தனித்தொட்டியில், தனிக் கருவிகளோடு வைத்திருந்து, கைட்ரிட் பூஞ்சைக்கான சோதனை செய்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அந்தப் பூஞ்சை தோலின் வழியாக உப்புச் சத்துகள் சீராகச் செல்வதைக் கெடுத்து, இறுதியில் இதயத்தை நிறுத்திவிடுகிறது. உலகெங்கும் பல தவளை இனங்கள் அழிந்துபோனதற்கும் அருகிப்போனதற்கும் அதுவே காரணம்.

குளத்தில் ஒருபோதும் விடாதீர்கள். குளிரில் அது துன்புற்று இறக்கும். அதற்கு முன்பே தன்னிடமுள்ள நோயை உள்ளூர்த் தவளைகளுக்குக் கொடுத்துவிடவும் கூடும். தட்பவெப்பம் ஒத்துப்போன இடத்திலோ அது நிலைத்துவிடும்: தென்னாப்பிரிக்காவிலேயே, கிழக்குப் பகுதிக்குரிய வண்ண நாணல் தவளை 1990களின் இறுதியிலிருந்து மேற்கு கேப் பகுதியில் காலூன்றிப் பரவியிருக்கிறது, மனிதரின் போக்குவரத்தோடு சேர்ந்து அங்கே போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. வளர்க்க இயலாதபோது, ஊரில் உள்ள தவளை வளர்ப்போர் சங்கத்தை அணுகி வேறொருவரிடம் ஒப்படையுங்கள். தொட்டி கழுவிய நீரையும் தோட்டத்தில் கொட்டாமல், ப்ளீச் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து, வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே ஊற்றுங்கள்.