மறு: கர்ப்பம் என்றதும் வேலையை விடச் சொல்கிறார்

சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நீங்கள் கர்ப்பம் என்றதும் பேராசிரியர் வேலையை விடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று பேராசிரியர் வாயால் சொன்னது அவருக்கு வசதி. நீங்களாகக் கையெழுத்துப் போட்டால் நீங்களே விலகியதாக ஆகிவிடும்.

உங்களுடையது தனியார் பல்கலைக்கழகம், சம்பளச் சீட்டும் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மலேசிய வேலைச் சட்டம் உங்கள் பக்கம். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அதற்கு முன் 60தான். கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது வேறு கணக்கு, அதனால் முடிவுத் தேதியை இன்றே பாருங்கள்.

ஆய்வுக்கூடத்துக் கரைப்பான் (ரசாயனத் திரவம்) வாடை கர்ப்பிணிக்கு ஆகாது என்பது சரிதான். அதற்காக ஆளையே அனுப்புவதா? தரவு அலசல், கட்டுரை எழுதும் வேலை கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றக் கேட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். மசியாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார்.

2011இல் நூர்ஃபடில்லா என்ற தற்காலிக ஆசிரியை கர்ப்பத்தால் வேலை மறுக்கப்பட்டு ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் அவர் வழக்குப் போட்டது அரசாங்கத்தின் மேல். அரசியலமைப்பு உரிமையைக் காட்டி அவர் வாதாடியது போல் தனியாரிடம் வாதாடினால் எடுபடாது.

என்னைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனார். அந்தக் கொட்டகைகூட உங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை, பாருங்கள்!

மின்னஞ்சலை மலாயில் எழுதி இங்கே போடுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு. திருத்தித் தருகிறேன்.