மேல்தளப் படுக்கையறை: ஏசியை 18 டிகிரியில் வைத்தும் ஏன் குளிரவில்லை?

ஏசியை 18 டிகிரியில் வைத்தும் படுக்கையறை குளிரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 18-இல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. கம்பிரசர் நிற்காமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், அவ்வளவுதான். 26-இல் வைத்து, மின்விசிறியை நடுவேகத்தில் ஓடவிடுங்கள். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். மின்விசிறிக்கு 75 வாட் போதும்.

இரவு பதினொரு மணிக்கும் புழுங்குகிறது என்கிறீர்கள், மேலே மொட்டைமாடி என்றும் சொல்கிறீர்கள். எனக்குக் கூரைமீதுதான் சந்தேகம். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு அதை மெதுவாக அறைக்குள் இறக்கும். ஏசி அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறது.

சோதிப்பது எளிது. இரவு பத்து மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உறுதியான ஸ்டூலில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு உட்சுவரைத் தொடுங்கள். கூரை தெளிவாகச் சுட்டால் காரணம் அதுவே. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஏசியின் வடிகட்டியைக் கழுவுங்கள், கதவிடுக்கையும் பாருங்கள்.

கூரைதான் என்றால், மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை என்பேன். விரிசல்களை முதலில் அடைத்துவிடுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். அதுவரை, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, சூட்டை வெளியேற்றிய பிறகே ஏசியைப் போடுங்கள்.

ஒன்று மட்டும்: மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைத்தான் உலர்த்துகிறது. அறை 35 டிகிரியைத் தாண்டி, முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் கட்டணத்தைப் பாராமல் ஏசியைப் போட்டுவிடுங்கள்.