புழு பழகிவிட்டதா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பரிணாமம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறீர்கள். யாரும் கண்ணால் பார்க்காத ஒன்றை எப்படி நம்புவது? எங்கள் சித்தப்பா அவிநாசிப் பக்கம் பருத்தி போட்டவர். "பி.டி. காயிலேயே புழு விழுகுது, புழுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்பார். இதையும் பரிணாமம் என்பீர்களா? புழு என்றைக்கும் புழுதானே?

க.

அன்புள்ள க.,

உங்கள் சித்தப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். 'பழகிப்போச்சு' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. நாம் காரத்துக்குப் பழகுகிறோமே, அப்படிப் புழு பழகுவதில்லை. பி.டி. பருத்தி என்பது, புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி. அதன் காயைத் தின்ற சாதாரணப் புழு செத்துப்போகும். சாகாத புழு, பிறக்கும்போதே அந்த நஞ்சு ஏறாத உடம்போடு பிறந்தது. லட்சங்களில் ஒன்றிரண்டு அப்படி முன்பே இருந்திருக்கும். அப்போது அதனால் அவற்றுக்கு லாபம் ஒன்றுமில்லை. பருத்திக் காடு முழுக்க பி.டி. ஆனதும் மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன. எந்தத் தனிப்புழுவும் மாறவில்லை, கூட்டம் மாறிவிட்டது. இதுதான் இயற்கைத் தேர்வு. (மனிதன் வைத்த விஷத்தில் இயற்கை எங்கே வந்தது என்பீர்கள். காங்கேயம் காளையைப் பொறுக்குவதுபோல இந்தப் புழுவை யாரும் ஆசைப்பட்டுப் பொறுக்கவில்லையே!)

லட்சம் ஆண்டுகளும் ஆகவில்லை. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. 2008இல் குஜராத்தின் அம்ரேலியில் எடுத்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களிலேயே எதிர்ப்புத் திறன் தெரிந்துவிட்டது. இரண்டு நச்சுப் புரதங்கள் உள்ள விதை 2006இல் வந்தது. பத்தாண்டுக்குள் அதையும் தாண்டிவிட்டன. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஒரே பருவத்தில் பல தலைமுறை ஓடிவிடும்.

இன்னொன்று கவனியுங்கள். பச்சைக் காய்ப்புழுவும் அதே பி.டி. செடியில்தான் விழுகிறது. ஆனால் அது இந்த வேகத்தில் தப்பவில்லை. அதற்குத் தக்காளி, துவரை, கொண்டைக்கடலை என்று வேறு வீடுகள் நிறைய. அங்கே நஞ்சு படாமல் வளர்ந்த பூச்சிகள், தப்பிய பூச்சிகளோடு கூடும். அந்தக் கலப்பில் பிறப்பவை பெரும்பாலும் பி.டி.க்குச் செத்துவிடும். இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாகப் போக்கிடம் இல்லை. தப்பியது தப்பியதோடுதான் கூட வேண்டும்.

இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதனால்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையைச் சின்னப் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்தார்கள், ஓரத்தில் சுற்றி நட்டு, நஞ்சு படாத பூச்சிகளும் வளர. புழுவுக்கென்று நாலு வரிசை விடுவதா என்று யார் நட்டார்கள்? எங்கள் வீட்டிலும் நடவில்லை. அந்தப் பாக்கெட் மழையில் நனைந்து களத்து மேட்டில் முளைத்துக் கிடந்தது.

சரி, 'புழு புழுதானே'. ஆமாம், இருபது வருடத்தில் அது பட்டாம்பூச்சி ஆகாது. பரிணாமம் என்பது பரம்பரையாக வரும் குணம் ஒரு கூட்டத்தில் கூடுவதும் குறைவதும். புதிய இனம் பிறப்பது அதன் நெடுங்கணக்கு. கூட்டம் மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளுக்கு வளையம் மாட்டி அலகை அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதை தீர்ந்து பெரிய, கெட்டியான விதைகளே மிஞ்சின. தடித்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1983 பெருமழைக்குப் பின் சிறு விதை பெருக, காற்று சிறு அலகுக் குருவிகள் பக்கம் திரும்பியது. குருவி 'முன்னேறவில்லை', அந்த வருடம் எந்த விதை கிடைத்ததோ அதன்படி போயிற்று.

சித்தப்பா அந்தச் சின்னப் பாக்கெட்டை என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள்.