டிவில தொல்லியல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பிரிட்டன்ல அகழாய்வ டிவி வழியா ஜனங்ககிட்ட எப்படி கொண்டுபோனாங்கன்னு ரொம்ப வருஷமா தேடித்தேடி படிக்கிறவன் நான். அதப்பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லிருந்தேன், வந்த கேள்விகளும் பதிலும் கீழ.

அண்ணா, இத மொதல்ல பெருசா செஞ்சது யாரு?

பிபிசி தாம்ப்பா. 1952ல 'அனிமல், வெஜிடபிள், மினரல்?'னு ஒரு புரோகிராம், ஏதாவது ஒரு மியூசியம் தன்கிட்ட இருக்குற வித்தியாசமான பொருள அனுப்பும், மூணு நிபுணருங்க அத கையில வாங்கி திருப்பித்திருப்பி பாத்து இது என்ன, எந்த ஊரு, எந்தக் காலம்னு சொல்லணும். அவ்ளோதான் ஷோ. ஆனா ஒரு அறிவாளி நம்ம கண்ணு முன்னாடி யோசிக்கிறத பாக்குறதே பெரிய சுகம், தப்பா சொன்னாலும் ஏன் அப்படி நெனச்சார்னு புரியும்.

அதுல வந்த மார்ட்டிமர் வீலர் நம்ம அரிக்கமேடு வீலரா?

அவரேதான்! 1945ல புதுச்சேரி பக்கத்துல தோண்டி ரோமானிய ஜாடி ஓடெல்லாம் எடுத்தாரே, அப்போ இந்தியத் தொல்லியல் துறைக்கே தலைமை இயக்குநர். அந்த மனுஷன் 1954ல பிரிட்டன்ல அந்த வருஷத்தோட டிவி பிரபலம்னு தேர்வானார், அடுத்த வருஷம் அதே ஷோவ நடத்துன கிளின் டேனியல். டிவிக்கெல்லாம் முன்னாடியே, 1930கள்ல இங்கிலாந்துல மெய்டன் கேசில்னு ஒரு பழைய குன்றுக்கோட்டை அகழாய்வுல, வேடிக்கை பாக்க வந்த ஜனங்கள வெரட்டாம கூப்பிட்டு சுத்திக்காட்ட ஏற்பாடு பண்ணவர்.

சார், கேமரா முன்னாடி தோண்டி ஒண்ணுமே கெடைக்கலன்னா அசிங்கம் ஆயிடாதா?

சில்பரி ஹில்ல அதான் நடந்துச்சு. இங்கிலாந்துல வில்ட்ஷயர்ல 30 மீட்டருக்கு மேல ஒசரம், 4,400 வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்களே கொட்டி எழுப்புன மேடு. 1968லருந்து 1970 வரைக்கும் பிபிசி காசுல ரிச்சர்ட் அட்கின்சன்னு ஒரு தொல்லியல்காரர் அதுக்குள்ள சுரங்கம் வெட்டுனார், உள்ள ராஜா இருப்பான், தங்கம் இருக்கும்னு நாடே காத்துக்கிட்டு இருந்துச்சு. கல்லறை இல்ல, புதையலும் இல்ல. ஆனா மேட்டுக்கு அடியில அன்னைக்கு இருந்த புல்லு, பாசி, பூச்சியெல்லாம் அழுகாம அப்படியே இருந்துச்சுங்க! நாலாயிரம் வருஷத்துப் புல்லு, எனக்கு தங்கத்த விட அதான் பெருசு. அத பெருசா காட்டாம புதையல் ஆசைய கெளப்பிவிட்டதுதான் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு, அத நான் லேசா எடுத்துக்க மாட்டேன். முழு ரிப்போர்ட் 1997லதான் வந்துச்சு, அட்கின்சன் இறந்தப்புறம், வேற ஆளு எழுதி. 2000ல மேட்டு உச்சியில பெரிய குழி விழுந்துச்சு, அது 1776ல யாரோ எறக்குன பள்ளத்தால, ஆனா சோதிச்சு பாத்தா 1968 சுரங்கத்தையும் ஒழுங்கா மூடல, 2007ல மறுபடி தெறந்து சுண்ணாம்புக்கல்லு போட்டு நெரப்ப வேண்டியதா போச்சு. கேமரா போனப்புறமும் வேல இருக்கு, அதுக்கும் சேத்துத்தான் பட்ஜெட் போடணும்.

'டைம் டீம்'னு அந்த டிவி ஷோவுல ஒரு அகழாய்வ மூணே நாள்ல முடிக்கிறாங்களே, நம்பலாமா?

முழுசா தோண்டுறதா இருந்தா நம்பாதீங்க, ஆனா அவங்க வேல அது இல்ல. 'இங்க ரோமானிய வீடு இருந்துச்சா'ங்குற மாதிரி ஒரு கேள்வி, மொதல்ல ஜியோபிசிக்ஸ்ல, அதாவது தோண்டாமலே கருவி வெச்சு, மண்ணுக்கடியில பாத்துட்டு தேவையான எடத்துல மட்டும் சின்னதா குழி. 1994லருந்து 2014 வரைக்கும் சேனல் 4ல ஓடுச்சு, மிக் ஆஸ்டன்னு ஒரு பேராசிரியர்தான் உயிர். நெறைய தோண்டலுக்கு ரிப்போர்ட்டும் எழுதி வெளியிட்டாங்க, அதுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாத.

இதப் பாத்துட்டு ஜனங்க தானா தோண்ட ஆரம்பிச்சிட்டா?

நியாயமான பயம்மா. 2003ல டைம் டீம்காரங்களே வீட்டுத் தோட்டத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி தோண்டுங்கன்னு பாக்குறவங்கள கூப்ட்டாங்க, தொல்லியல்காரங்க சிலருக்கே அது பிடிக்கல. ஒரு காசு எந்த மண் அடுக்குல, எது பக்கத்துல கெடந்துச்சுங்குறதுதான் சேதி, புடுங்கி எடுத்துட்டா வெறும் காசு. அதனால அடுக்கடுக்கா பதிவு பண்ற அந்த சலிப்பான வேலையையும் கட் பண்ணாம காட்டணும்னு நான் சண்டையே போடுவேன்.

டைம் டீம் இப்பவும் வருதா?

வருது, 2022லருந்து யூட்யூப்ல, ரசிகருங்க மாசாமாசம் குடுக்குற காசுல. பழைய எபிசோடும் நெறைய அங்கயே கெடைக்கும், ஒண்ணும் கெடைக்காத எபிசோடா பாத்து மொதல்ல பாருங்க.