குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தோஹாவில் அரபுக் குதிரைக் காட்சிக்குப் போனால் ஏதும் விளங்குமா?

திருகோணமலையிலிருந்து பெப்ரவரியில் அண்ணாவிடம் போகிறீர்கள், தோஹாவின் கட்டாரா கலாசாரக் கிராமத்தில் நடக்கும் அரபுக் குதிரை விழாவுக்கும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். மெட்ரோ சிவப்புத் தடத்தில் கட்டாரா என்றே நிலையம் இருக்கிறது. இடம் கடற்கரையோரம், இரவில் குளிரும். ஜம்பர் ஒன்று கொண்டுபோங்கள்.

நுவரெலியாவில் ஏப்ரலில் பார்க்கும் பந்தயம் அல்ல இது. சேணமும் இல்லை, சவாரிக்காரரும் இல்லை. தலையில் மெல்லிய வார் மட்டும். ஒருவர் பிடித்துக்கொண்டு கூட ஓடுவார், பிறகு நடுவர்களுக்கு முன்னால் நிறுத்திக் காட்டுவார். இனச்சாயல், தலையும் கழுத்தும், உடலும் முதுகும், கால்கள், நடை என்று ஐந்துக்கும் தலா 20 புள்ளி. நடுவர்கள் போடுவதன் சராசரிதான் முடிவு. நம் பக்கம் மாடு வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்போம். அங்கே சுழிக்குப் புள்ளி கிடையாது.

புதிதாகப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். குழிந்த மூக்குத்தண்டும் பெரிய கண்ணும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மட்டத்துக்கு வரும் குதிரைகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் அது இருக்கும். தலைக்கு 19 விழும் குதிரைக்குக் காலுக்கு 15 விழுவது சாதாரணம். ஆகவே காலைப் பாருங்கள். நேர் முன்னால் நின்று பார்த்தால், தோளிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல் கோடு முழங்காலின் நடுவாலும் குளம்பின் நடுவாலும் இறங்க வேண்டும். குளம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருந்தால் புள்ளி குறையும். பின்புறமிருந்து பார்க்கையில் பின்னங்கால் மூட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றாலும் அப்படித்தான்.

நடைக்கு மணலைப் பாருங்கள். நல்ல குதிரை ஓடும்போது முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழும்; இடையில் ஒரு கணம் நாலு காலும் நிலத்தில் இராது. குறுக்குக் கால்கள் சோடி சோடியாக எழும்பும் இந்த ஓட்டத்தைத்தான் நடுவர் கேட்கிறார். கூட்டத்தின் விசிலில் சூடேறிப் பாய்ச்சலில் இறங்கிவிட்டால், எவ்வளவு வேகமாகப் போனாலும் அது நடைக் கணக்கில் சேராது.

நிறுத்திக் காட்டும்போது காதைக் கவனியுங்கள். காது முன்னோக்கிக் கழுத்து நீண்டால் குதிரைக்கு ஆர்வம். சவுக்கு அசைந்ததும் தலையை உயர்த்திப் பின்வாங்கினால் அது பயம். பயத்தால் வரும் நிமிர்வை அழகென்று கைதட்டாதீர்கள்.

ஒரு வயதுக் குட்டிகளில் வெள்ளையைத் தேட வேண்டாம். வெள்ளையாகத் தெரியும் பெரிய குதிரைகள் அநேகமாகக் கறுப்பாகவோ செம்மையாகவோ பிறந்து, வயது போகப் போக வெளுத்தவை. தோல் கறுப்புத்தான், ஈர மூக்கைச் சுற்றிப் பார்த்தால் தெரியும்.

பணக்காரர் விளையாட்டு நமக்கெதற்கு என்று கீழே எழுத வருபவர்களுக்கு: பார்ப்பதற்குக் குதிரை வாங்க வேண்டியதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றுக்கு. நம் நெடுந்தீவு மட்டக்குதிரைகள் வறட்சியில் தண்ணீரின்றிச் சாகும்போது யாரும் வாய் திறப்பதில்லை. படம் எடுக்க மட்டும் எல்லோரும் போகிறார்கள்.

லாயப் பக்கம் விட்டார்களென்றால் குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தோளில் தொடுங்கள், மூக்கில் வேண்டாம். ஒரு குதிரையின் சளி உங்கள் கையோடு அடுத்ததற்குப் போகும். இடையில் கையைக் கழுவுங்கள்.